ஹைபிரிட் வாகனம் வாங்க முன் ஒரு சிறு கணக்கு

ஐந்து வருடத் தடைக்குப் பின்னர், 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் ஆரம்பமானது. அன்று தொடக்கம் எங்கு போனாலும் வாகனப் பேச்சுத்தான். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. ஆதலால் "பெற்றோல் குறைவாகக் குடிக்கும்" என்று யாரும் சொன்னால் போதும், விலையை மறந்து விடுகிறோம்.

ஆசிரியராக இருக்கும் என் மச்சானும் அப்படித்தான் வந்து நின்றார். ஒரே அளவான இரண்டு கார்கள். ஹைபிரிட்டின் விலை 15 இலட்சம் ரூபா அதிகம். "மேலதிகக் காசை லீசிங்கில் எடுப்போம் மச்சான், பெற்றோலில் மிச்சம் பிடிக்கலாம்" என்றார். இருவரும் கடதாசியும் பேனையுமாக உட்கார்ந்தோம்.

அவருடைய மாத ஓட்டம் 1,000 கிலோமீற்றர். சாதாரண கார் லீற்றருக்கு 12, ஹைபிரிட் 20 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்தோம். முதலாவதற்கு ஏறத்தாழ 83 லீற்றர், இரண்டாவதற்கு 50 லீற்றர் தேவை. மிச்சம் 33 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்றால் மாதம் சுமார் 10,000 ரூபா, வருடத்துக்கு 1 இலட்சத்து 20 ஆயிரம். அந்த 15 இலட்சத்தை மீட்க பன்னிரண்டரை வருடங்கள் வேண்டும்!

விலை ஏறினால்? 2022 ஜூனில் ஒக்டேன் 92 பெற்றோல் 470 ரூபாவைத் தொட்டது. அந்த விலையே நிலைத்தாலும் எட்டு வருடங்கள் ஆகும்.

லீசிங்கையும் சேர்த்துப் பார்த்தோம். ஐந்து வருடத்துக்கு 12 சதவீதம் என்றால், அந்த 15 இலட்சத்துக்கு முதலாம் வருடம் மட்டும் கட்டும் வட்டி ஒன்றரை இலட்சத்தைத் தாண்டும். மிச்சம் பிடிப்பதை விட அது அதிகம். பழைய ஹைபிரிட்டாயின் பெற்றரி மாற்றும் செலவும் ஒருநாள் வரும்.

ஹைபிரிட் கூடாது என்று நான் சொல்லவில்லை. மாதம் 3,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கு இதே 15 இலட்சம் நான்கு வருடத்தில் மீண்டுவிடும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை அது பெற்றரியில் சேமிப்பதால், கொழும்பு போன்ற நெரிசலில் நின்று நின்று ஓடுபவருக்கே கூடுதல் பயன். திறந்த வீதியில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு அந்த வித்தியாசம் குறையும். விற்கும்போது கிடைக்கக்கூடிய விலையையும் விசாரித்துக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எனவே, மேலதிக விலையை உங்கள் வருடாந்த எரிபொருள் மிச்சத்தால் வகுத்துப் பாருங்கள். வரும் விடை, நீங்கள் அந்த வாகனத்தை வைத்திருக்கப்போகும் வருடங்களை விடக் குறைவாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். விற்பனையாளர் சொல்லும் கிலோமீற்றரை நம்பாமல், அதே வாகனத்தை ஓட்டும் இரண்டு பேரிடம் கேளுங்கள்.

மச்சான் சாதாரண காரையே எடுத்தார். லீசிங் தேவைப்படவில்லை. மாதாமாதம் தவணைக்குப் போகவிருந்த காசு இப்போது மகளின் படிப்புக்குப் போகிறது.