குளியலறைக் குழாயும் ‘எர்த்’ என்னும் சொல்லும்

கீசரைத் தொட்டதும் கை சுரீரென்றால் தமிழ்நாட்டில் ‘எர்த் அடிக்குது’ என்கிறோம். எர்த் சரியாக இல்லாததால் வரும் அதிர்ச்சிக்கு எர்த்தின் பெயரே நிலைத்துவிட்டது. இன்னொரு குழப்பமும் உண்டு. நிலத்தொடுப்பு, பிணைப்பு ஆகிய இரண்டையும் ‘எர்த் கொடுப்பது’ என்றே சொல்லிவிடுகிறோம். முன்னது பழுது மின்னோட்டத்துக்கு எளிய வழி தந்து, இணைப்பைத் துண்டிக்கச் செய்வது. பின்னது எதையும் துண்டிக்காது. ஒரே நேரத்தில் கைக்கெட்டும் உலோகங்களை ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தில் வைத்திருக்கும்.

பிரிட்டனின் மின்னமைப்புத் தரமான பி.எஸ். 7671-இன் 17ஆம் பதிப்பு (2008), குளியலறைக் குழாய்களை அங்கேயே தனிக்கம்பியால் இணைக்கும் துணைப் பிணைப்பை மூன்று நிபந்தனைகளோடு விட்டுவிட அனுமதித்தது: எல்லாச் சுற்றுகளும் உரிய நேரத்துக்குள் துண்டிக்கப்பட வேண்டும், அவற்றுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கசிவு மின்னோட்டத்தைக் கண்டு துண்டிக்கும் சாதனம்) பாதுகாப்பு வேண்டும், வெளியிலிருந்து வரும் உலோகக் குழாய்கள் வீட்டின் முதன்மைப் பிணைப்போடு உறுதியாகச் சேர்ந்திருக்க வேண்டும்.

இது சலுகைபோலத் தோன்றினாலும் அடியில் கணக்கு இருக்கிறது. குழாய்க்கும் சாதனத்தின் உலோக உடலுக்கும் இடையிலுள்ள தடை, 50 வோல்ட்டைத் துண்டிப்பு மின்னோட்டத்தால் வகுத்துவரும் அளவை மீறக் கூடாது. ஷவர் சுற்றில் 40 ஆம்பியர் பி-வகை எம்.சி.பி. (மிகை மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சாதனம்) மட்டும் இருந்தால், அது உடனே விழ 200 ஆம்பியர் தேவை. எனவே வரம்பு 0.25 ஓம். ஆர்.சி.சி.பி. இருந்தால் அதே வரம்பு சுமார் 1,667 ஓம். முதன்மைப் பிணைப்பே இதைச் சாதித்துவிடும், தனிக்கம்பி மிகை.

ஆனால் பழுதுபார்ப்பவர் நடுவில் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாயைச் செருகினால் மூன்றாம் நிபந்தனை முறிந்துபோகும். அப்போது மிஞ்சும் உலோகத் துண்டை உடனே பிணைத்துவிடலாமா? கூடாது, முதலில் அளக்க வேண்டும். நிலத்துக்கு அதன் தடை 23,000 ஓமுக்கு மேல் இருந்தால், 230 வோல்ட்டில்கூட 10 மில்லிஆம்பியருக்குக் குறைவாகவே பாயும். அதைப் பிணைப்பது, மின்னழுத்தம் ஏறிய வேறொரு பொருளைத் தொட்டிருப்பவரின் மறு கைக்கு நிலத்தை நாமே கொண்டுவந்து கொடுப்பதாகும்.

‘பிளாஸ்டிக் குழாய்தானே’ என்ற நிம்மதியும் முழுமையானதல்ல. உள்ளே இருப்பது தண்ணீர். 13 மி.மீ. உள்விட்டக் குழாயில் ஒரு மீட்டர் நீர்த்தம்பத்தைக் கணக்கிட்டேன். தன்தடை 20 ஓம்-மீட்டர் உள்ள நல்ல நீருக்குத் தடை சுமார் 1.5 லட்சம் ஓம். கடலோர ஆழ்துளைக் கிணற்றின் உவர்நீரில் தன்தடை 3 ஓம்-மீட்டராக இறங்கினால் ஏறத்தாழ 23,000 ஓம்தான். நீர் சூடாகும்போது ஒவ்வொரு டிகிரிக்கும் கடத்துதிறன் சுமார் 2 விழுக்காடு கூடும். 20 டிகிரி ஏறினால் தடை 16,000 ஓம் அளவுக்கு வரும். கீசரின் நிலக்கம்பி அறுந்து, ஹீட்டர் சுருளும் ஓட்டையாகித் தொட்டி முழு மின்னழுத்தத்தில் நிற்கிறது என்று கொள்வோம். ஷவரின் அடியில் அதன் உலோகப் பகுதியைப் பிடித்து நிற்பவர் வழியே பாய்வது சுமார் 14 மில்லிஆம்பியர். பிடித்த கையை விடமுடியாமல் போகக்கூடிய அளவு அது. 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யோ அதன் பாதியான 15 வரை விழாமலிருக்கவே வடிவமைக்கப்பட்டது.

எனவே ‘ஆர்.சி.சி.பி. போட்டாச்சு, எர்த் எதற்கு’ என்ற வாதம் உவர்நீர் வரும் வீட்டில் செல்லாது. ஷவர் தலைக்குத் தனிக்கம்பி இழுப்பதும் கீசரின் நிலக்கம்பிக்கு மாற்றல்ல. தொட்டியிலிருந்து பிளக்கின் தடித்த மூன்றாம் பின் வரை நிலக்கம்பி அறாமல் இருந்தால், சுருள் ஓட்டையானதுமே கசிவு அதன் வழியே பாய்ந்து, குளிக்க ஆள் வருமுன்பே ஆர்.சி.சி.பி.யை விழவைத்திருக்கும்.