பொல்கொல்லையில் பிரியும் நீர்

பேராதனை வளாகத்தினூடே அமைதியாகப் பாயும் மகாவலி, கண்டி நகரை வளைந்து சென்று பொல்கொல்லையில் ஒரு தெரிவை எதிர்நோக்குகின்றது. 1976இல் அங்கு தடுப்பணை இயங்கத் தொடங்கியது முதல், ஆற்றின் ஒரு பகுதி ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்நிலையத்தை அடைந்து, போவத்தென்ன ஊடாகக் கலாவெவ முதலிய வறண்ட வலயக் குளங்களை நாடுகின்றது. எஞ்சியது இயல்பான வழியே கிழக்கே செல்கின்றது. எவ்வளவைத் திருப்புவது?

இத்தகைய வினாக்களை ஆராய்வது செயற்பாட்டு ஆய்வு என்னும் துறையாகும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியப் படைத்துறையில் உருப்பெற்ற இதற்கு, 1947இல் டான்சிக் வகுத்த சிம்பிளெக்ஸ் முறை கணித வலுவூட்டியது. விதிக்கப்பட்ட எல்லைகளுக்குள் நின்று ஒரு குறிக்கோளை இயன்றவரை மிகுவித்தலே உத்தமமாக்கல். ஹாவர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் இதனை ஆற்றுத் திட்டங்களிற் பிரயோகித்து 1962இல் நூலாகவும் வெளியிட்டனர்.

1976இல் பொல்கொல்லைக் கணக்கு எளிதாயிருந்தது. கீழே மினிப்பே வயல்களுக்கு வேண்டியதை விட்டபின், மீதியைத் திருப்புவதால் மின்துறை இழப்பது ஒன்றுமில்லை. உக்குவளையில் ஈட்டியதோ உண்டு. ஆனால் துரித மகாவலித் திட்டத்தின்கீழ் 1985இல் 210 மெகாவாட் ஆற்றலுடன் விக்டோரியா எழுந்தது. பின்னர் ரந்தெனிகல, ரந்தம்பே ஆகியனவும் சேர்ந்தன. கிழக்கே செல்லும் நீர் இப்போது மூன்று நிலையங்களில் அடுத்தடுத்து வீழ்ந்து மின்தருகின்றது. ஆகவே வடக்கே திருப்பும் ஒவ்வொரு கனமீற்றரும் மின்னிழப்பாயிற்று. பாசனத்துக்கென விதித்த அளவை ஓரலகு தளர்த்தினால் மின் எவ்வளவு பெருகும் என்பதைத் துறையார் நிழல்விலை என்பர். அணையும் மதகும் மாறவில்லை, மாறியது நிழல்விலையே.

எனினும் மின்னைக் குறிக்கோளாகவும் நெல்லை எல்லையாகவும் கொள்வதா, மறுதலையாகக் கொள்வதா என்பதைக் கணிதம் கூறாது. 1979இல் நிறுவப்பட்ட மகாவலி அதிகாரசபையின் நீர் முகாமைக் குழுவில், மின்துறையினரும் பாசனத்துறையினரும் ஒருங்கமர்ந்து ஒவ்வொரு போகத்துக்கும் நீரைப் பங்கிடுகின்றனர். மழை பொய்த்த ஆண்டில் அனல்மின்னுக்கு எண்ணெய் எரிப்பதா, சிறுபோகச் செய்கையைச் சுருக்குவதா? இரண்டின் விலையையும் கணினி காட்டும். அது காட்டாத விலைகளும் உள. விக்டோரியா நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்த பழைய தெல்தெனிய நகரத்தாரின் இழப்பைக் கனமீற்றரிலோ மெகாவாட்டிலோ எழுதுவது எங்ஙனம்? நீர்மட்டம் தாழும் வறட்சிக் காலங்களில் அந்நகரின் இடிபாடுகள் வெளித்தெரிவதுண்டு.