கஞ்சியும் காகிதமும்

சோறு வடித்த கஞ்சியைத் தமிழர் ஒருநாளும் வீணாக்கியதில்லை. பசித்தவர்க்கு அது உணவு. நெசவாளிக்குப் பாவின் உரம். சலவைத் தொழிலாளிக்கு வேட்டியின் விறைப்பு. காகிதம் செய்வோர்க்கும் அதுவே கைகண்ட துணையாக விளங்கிற்று என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. புனே நகரில், அதிலும் கேம்ப் பகுதியில், தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து வரும் நம்மவர்க்கு இச்செய்தி தொலைவில் உள்ளதன்று. நாம் வாழும் இந்நகரே அதற்குச் சான்று கூறும். கஞ்சி காகிதத்துக்கு வாழ்வு தந்தது. அக்கஞ்சியே அதற்குப் பகையையும் அழைத்து வந்தது. இவ்விரு உண்மைகளையும் நாம் சிறிது சிந்திப்போம்.

காகிதம் என்பது நார்களின் பின்னலேயன்றி வேறன்று. கந்தலையோ சணலையோ நீரில் ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, சல்லடையில் அள்ளி வடித்து உலர்த்தினால் தாள் கிடைக்கும். ஆனால் அத்தாளில் மை வைத்தால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, மை நார் வழியே பரவி எழுத்து கலங்கிப் போகும். அரிசி அல்லது கோதுமை மாவை நீரில் கலந்து காய்ச்சினால், மாவின் நுண்மணிகள் சூட்டில் பருத்து உடைந்து பசையாகின்றன. அப்பசையைத் தாளின்மேல் பூசினால் நார்களின் இடைவெளி அடைபடுகிறது. நாரும் நாரும் இறுகப் பிணைகின்றன. மை மேற்பரப்பிலேயே நிற்கிறது. தாளும் உறுதி பெறுகிறது.

பனையோலையில் எழுதிய நம் முன்னோர்க்கு இந்தக் கவலை இல்லை. எழுத்தாணி ஓலையைக் கீறியது. மை பின்னரே பூசப்பட்டது. காகிதமோ நெடுவழி கடந்து வந்த பொருள். சீனத்தில் பிறந்து, 8-ஆம் நூற்றாண்டில் சமர்க்கந்தை அடைந்து, அரபு நாடுகளெங்கும் பரவியது. எகிப்தில் கிடைத்த அக்காலத் தாள்களை 1880-களில் வியன்னா நகரில் ஆராய்ந்த யூலியஸ் வீஸ்னர் என்ற அறிஞர், அவற்றில் மாவுப்பசை பூசப்பட்டிருந்ததைக் கண்டறிந்தார். மாவுச்சத்தின்மேல் அயோடின் பட்டால் நீலநிறம் தோன்றும்; பல நூற்றாண்டுகளுக்கு முன் பூசிய பசையும் அந்தச் சோதனைக்குத் தப்பவில்லை. ‘காகிதம்’ என்னும் சொல்லும் பாரசீகத்திலிருந்து நம்மிடம் வந்ததே. மராட்டியர் வழங்கும் ‘காகத்’ என்ற சொல்லுக்கும் அதுவே தாய்.

இனி மராட்டிய நாட்டுக்கு வருவோம். புனேவுக்கு வடக்கே உள்ள ஜுன்னர் கைக்காகிதத்துக்குப் பெயர் பெற்ற ஊர். புனே நகரத்திலும் கஸ்பா பேட்டையை ஒட்டிய காகதீபுரா என்னும் குடியிருப்பு அத்தொழிலின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. காகஜி எனப்பட்ட முஸ்லிம் கைவினைஞர் பழைய சாக்கையும் கயிற்றையும் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மிதியுலக்கையால் இடித்துக் கூழாக்கினர். தாளைச் சுவரில் ஒட்டி உலர்த்தி, மாவுப்பசை பூசி, மீண்டும் உலர்த்தி, வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். கோலெடுக்காமல் விரைந்தோடும் மோடி எழுத்துக்கு இத்தகைய மெருகு பெரிதும் வேண்டியிருந்தது. கரடுமுரடான தாளில் நாணற்பேனா தடுக்கும் அன்றோ?

கேம்ப்பை அடுத்து, கவுன்சில் ஹாலுக்கு அருகே, பழைய கற்கட்டடம் ஒன்றில் பேஷ்வா தஃப்தர் என்னும் ஆவணக் களஞ்சியம் உள்ளது. 1818-இல் முடிவுற்ற பேஷ்வா ஆட்சியின் கணக்குகளும் கடிதங்களும் துணியில் கட்டிய ‘ருமால்’ மூட்டைகளாக அங்கே இருக்கின்றன. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த ஏடுகளை கோ. ச. சர்தேசாய் 1930 முதல் 1934 வரை 45 தொகுதிகளாகப் பதிப்பித்தார். தஞ்சையை 1676 முதல் 1855 வரை ஆண்ட மராட்டியரும் இத்தகைய மோடி ஆவணங்களை நமக்கு விட்டுச் சென்றனர். இரு நாட்டு வரலாறும் தாளின்மேல் நிற்கின்றன. தாளோ பசையை நம்பி நின்றது.

ஆனால் மாவு மனிதனுக்கு மட்டுமா உணவு? இராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து. மழைக்காலத்து ஈரம் சேர்ந்தால் பூஞ்சணமும் படரும். புத்தகம் கட்டுவோர் பசையில் மயில்துத்தம் கலப்பதன் காரணம் இதுவே. ஐரோப்பியர் வேறு வழி தேடினர். 13-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபாப்ரியானோ நகரத்தார் தோலைக் காய்ச்சிய வச்சிரத்தைப் பூசினர். 1807-இல் ஜெர்மானியரான இல்லிக் மரப்பிசினும் படிகாரமும் கலக்கும் முறையை வெளியிட்டார். அது மலிவானது, ஆலைக்கு ஏற்றது. உலகமே அதை ஏற்றது. ஆனால் படிகாரத்தால் விளைந்த அமிலம் நாரை அரித்தது. அம்முறையில் செய்த தாள்கள் பல, நூறாண்டுக்குள் பழுத்து, தொட்டால் உதிர்ந்தன. பூச்சிக்கும் ஈரத்துக்கும் தப்பிய பழைய கைக்காகிதமோ இன்றும் மடங்குகிறது, முறிவதில்லை. மலிவின் விலையை வரலாறு செலுத்தியது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனேவை அடுத்த முண்டவாவிலும் ஆலை எழுந்தது. ஆலைத்தாளின் முன் காகஜிகளின் கைத்தொழில் தளர்ந்தது. அதை மீட்க முனைந்தோரில் தஞ்சையிற் பிறந்த நம் ஜே. சி. குமரப்பாவை நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும். காந்தியடிகள் 1934-இல் தோற்றுவித்த அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளர் அவர். அம்முயற்சியின் தொடர்ச்சியாக, கே. பி. ஜோஷியின் உழைப்பால், 1940-இல் புனே சிவாஜி நகரில் கைக்காகித நிலையம் நிறுவப்பட்டது.

கஞ்சியின் கதை அத்துடன் முடியவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1943-ஐ ஒட்டி, சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசியும் மாவும் எடுக்கும் தொழில் வேரூன்றியது. காகித ஆலைகளுக்கு மாவுச்சத்து தரும் பயிர்களுள் மக்காச்சோளத்தோடு மரவள்ளியும் ஒன்று. நார்கள் நீரில் எதிர்மின்னேற்றம் உடையவை. ஆகவே நேர்மின்னேற்றம் ஊட்டிய மாவுச்சத்தைக் கூழிலேயே கலந்தால் அது நாரை விடாது பற்றுகிறது. கரும்புச் சக்கை போன்ற குட்டை நார்களுக்கு இந்த உறுதி மிகவும் பயன்படும். அமிலப் படிகார முறையும் இப்போது பல ஆலைகளில் கைவிடப்பட்டுள்ளது.

ஊரைவிட்டு வந்த நம் இல்லங்களில் பெட்டியின் அடியில் பழைய கடிதங்களும் நிலப்பத்திரங்களும் உறங்குகின்றன. அவையே நம் குடும்பங்களின் தஃப்தர். கிழிந்த பத்திரத்தை வெறும் மைதாப் பசையால் ஒட்டுவது பூச்சியை விருந்துக்கு அழைப்பதாகும். ஈரமில்லா இடத்தில், தூய துணியில் சுற்றி வைத்து, ஆண்டுதோறும் மழைக்காலம் கழிந்தபின் பிரித்துப் பார்ப்போமாக. பேரரசின் ஏடாயினும் பாட்டனின் கடிதமாயினும், காப்பவர் கையிலேதான் அதன் ஆயுள் இருக்கிறது.