லெனார்ட் ஸ்மிதர்ஸ்: பழியும் பதிப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் இலண்டனில் நூல் வெளியிட்டவர்களுள் லெனார்ட் சார்லஸ் ஸ்மிதர்ஸ் (1861–1907) அளவுக்குப் பெயர் கெட்டவர் அரிது. சட்டத்தின் கண்ணில் படாமல் காமநூல்களை அச்சிட்டு விற்றவர் அவர். ஆஸ்கர் வைல்டின் பெயரை உச்சரிக்கவே பிற பதிப்பாளர்கள் கூசிய நாளில் அவருடைய கடைசிக் கவிதையை வெளியிட்டவரும் அவரே. மறைவில் பழகிய தொழில்முறையே வெளிச்சத்தில் இலக்கியம் பதிப்பித்தபோதும் அவருக்குக் கைகொடுத்தது.

சட்டமும் சந்தையும்

ஆபாச வெளியீடுகள் சட்டம் இங்கிலாந்தில் 1857இல் இயற்றப்பட்டது. ஆபாசமானவை என்று கருதப்பட்ட நூல்களைக் கைப்பற்றி அழிக்க ஆணையிடும் அதிகாரத்தை அது நீதிபதிகளுக்கு அளித்தது. எது ஆபாசம் என்பதை அச்சட்டம் வரையறுக்கவில்லை. 1868இல் ஹிக்லின் வழக்கில் தலைமை நீதிபதி காக்பர்ன் ஓர் அளவுகோல் வகுத்தார். தீய செல்வாக்குக்கு எளிதில் ஆட்படும் மனமுடையவர்கள் கையில் நூல் சிக்கினால் அவர்களைக் கெடுக்குமா என்பதே அந்த அளவுகோல். இதனால் நூலில் என்ன இருக்கிறது என்பதோடு அது யார் கைக்குப் போகிறது என்பதும் வழக்குக்குரிய கேள்வியாயிற்று.

இதன் விளைவு நூல் வணிகத்தில் உடனே தெரிந்தது. மலிவுப் பதிப்பு ஆபத்தானது. எண்ணிட்ட சில நூறு படிகளை அதிக விலையில், முன்பணம் கட்டிய சந்தாதாரர்களுக்கு மட்டும் அனுப்பினால் ஓரளவு பாதுகாப்பு உண்டு. ரிச்சர்ட் பர்ட்டனும், பம்பாய் மாகாணத்தில் ஆங்கில அரசுப் பணியில் இருந்த ஆர்பத்நாட்டும் நடத்திய 'காமசாஸ்திரக் கழகம்' இந்த வழியைப் பின்பற்றியது. 1883இல் அது காமசூத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. நூல்களின் முகப்பில் காசி நகரின் பெயர் இருந்தாலும் அச்சு வேலை நடந்தது இங்கிலாந்தில்தான். மாறாக, எமிலி ஸோலாவின் நாவல்களை ஆங்கிலத்தில் எல்லாரும் வாங்கும் விலையில் விற்ற ஹென்றி விசெட்டெலிக்கு 1888இல் 100 பவுண்டு அபராதமும் மறு ஆண்டில் மூன்று மாதச் சிறையும் கிடைத்தன. அப்போது அவர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

ஷெஃபீல்டிலிருந்து இலண்டனுக்கு

ஸ்மிதர்ஸ் 1861 டிசம்பர் 19 அன்று ஷெஃபீல்டில் பிறந்தார். சட்டம் பயின்று அவ்வூரிலேயே வழக்குரைஞராகத் தொழில் நடத்தினார். இலத்தீனில் நல்ல புலமை உண்டு. பர்ட்டன் மொழிபெயர்த்த 'ஆயிரத்தோர் இரவுகள்' வெளிவந்தபோது அவருக்குக் கடிதம் எழுதி நட்பானார். பிரயாபஸ் என்னும் ரோமானியத் தோட்டத் தெய்வத்தைப் பற்றிய பழைய இலத்தீன் பாடல்களை இருவரும் சேர்ந்து மொழிபெயர்த்தனர். அந்நூல் 1890இல் புனைபெயர்களில் வெளிவந்தது. அதே ஆண்டு பர்ட்டன் காலமானார். இருவரும் தொடங்கியிருந்த கட்டுல்லஸ் மொழிபெயர்ப்பு, பர்ட்டனின் மனைவி இசபெல் செய்த திருத்தங்களோடு 1894இல் அச்சேறியது.

1891இல் ஸ்மிதர்ஸ் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தார். ஷெஃபீல்டைச் சேர்ந்த எச். எஸ். நிக்கல்ஸுடன் கூட்டுச் சேர்ந்து அச்சும் அரிய நூல் வணிகமும் நடத்தினார். கடையின் முன்பக்கம் பழைய பதிப்புகளும் செம்பதிப்புகளும் விலைக்கு இருந்தன. 'ஈரோட்டிகா பிப்லியன் கழகம்' என்ற மறைபெயரில் வேறொரு வணிகமும் நடந்தது. நல்ல தாள், தெளிவான எழுத்து, அகன்ற ஓரம், எண்ணிட்ட படிகள், தனிச் சந்தாதாரர் பட்டியல் ஆகியவை இந்த மறைவு வணிகத்தின் கருவிகள். பிறகு நிக்கல்ஸைப் பிரிந்து தனியாகத் தொழில் தொடங்கியபோது இவை அனைத்தும் ஸ்மிதர்ஸின் கைவசம் இருந்தன.

வைல்டு வழக்குக்குப் பின்

1895 மே மாதம் ஆஸ்கர் வைல்டுக்கு இரண்டாண்டுக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த அதிர்ச்சி புதிய இலக்கியத்தோடு தொடர்புடைய எல்லாரையும் தாக்கியது. வைல்டின் 'சலோமே'க்குப் படம் வரைந்திருந்த ஆப்ரி பியர்ட்ஸ்லி, 'யெல்லோ புக்' இதழின் ஓவிய ஆசிரியர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். ஆர்தர் சைமன்ஸின் 'லண்டன் நைட்ஸ்' கவிதைத் தொகுப்பைப் பதிப்பாளர் ஜான் லேன் ஏற்க மறுத்தார். அதை ஸ்மிதர்ஸ் வெளியிட்டார். பிறர் அஞ்சும் எதையும் தாம் பதிப்பிக்கத் தயார் என்று அவர் சொன்னதாகக் கூறுவர்.

சைமன்ஸை ஆசிரியராகவும் பியர்ட்ஸ்லியை ஓவியராகவும் வைத்து 1896 ஜனவரியில் 'சவாய்' இதழை அவர் தொடங்கினார். முதல் இதழின் அட்டைக்குப் பியர்ட்ஸ்லி வரைந்த படத்தில், தரையில் கிடக்கும் 'யெல்லோ புக்' மீது ஒரு குழந்தை சிறுநீர் கழிக்கத் தயாராக நின்றது. எழுத்தாளர்கள் முகம் சுளித்ததால் அந்தப் பகுதி மாற்றப்பட்டது. குறும்பு இவ்வாறு இருந்தாலும் உள்ளடக்கம் கனமானது. பெர்னார்ட் ஷாவின் கட்டுரை, யேட்ஸின் கதையும் கவிதைகளும், ஜோசப் கான்ராடின் சிறுகதை ஆகியவை அதில் வந்தன. நீட்சேயை ஆங்கில வாசகருக்கு அறிமுகம் செய்த தொடக்கக்கால எழுத்துகளுள் ஒன்றான ஹேவ்லாக் எல்லிஸின் கட்டுரைத் தொடரும் அதில்தான் வெளிவந்தது.

மூன்றாம் இதழில் வில்லியம் பிளேக்கைப் பற்றி யேட்ஸ் எழுதிய கட்டுரையுடன் பிளேக்கின் ஆடையற்ற உருவம் ஒன்றும் இடம்பெற்றது. அதைக் காரணம் காட்டி டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனம் தன் ரயில் நிலையக் கடைகளில் இதழை விற்க மறுத்துவிட்டது. சில நூறு சந்தாதாரர்களை நம்பி நூல் விற்கலாம். மாத இதழுக்கு அது போதாது. அதே இதழிலிருந்து காலாண்டு முறையை விட்டு மாதந்தோறும் வெளியிடத் தொடங்கியிருந்ததால் செலவும் கூடியது. எட்டாம் இதழோடு 1896 டிசம்பரில் 'சவாய்' நின்றது. கடைசி இதழின் எழுத்து முழுவதும் சைமன்ஸுடையது, ஓவியம் முழுவதும் பியர்ட்ஸ்லியுடையது.

கைதி சி.3.3.

வைல்டு 1897 மே மாதம் விடுதலையாகிப் பிரான்சுக்குச் சென்றார். அவ்வாண்டுக் கோடையில் தியப் துறைமுக நகரில் ஸ்மிதர்ஸுடன் பழகினார். நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் வைல்டு அவரைக் கேலியும் பரிவும் கலந்து வருணிக்கிறார்: பெரிய வைக்கோல் தொப்பி, நீல டை, மழித்து வெளுத்த முகம், தன்னிடம்தான் வெளியிட வேண்டும் என்று கவிஞர்கள் பிடிவாதம் பிடித்தே தன் வாழ்வைக் கெடுத்துவிட்டார்கள் என்ற புலம்பல். காமநூல்களைப் பொறுத்தவரை ஐரோப்பாவிலேயே அவரைப் போலக் கற்றவர் இல்லை என்றும் அக்கடிதம் சொல்கிறது.

ரெடிங் சிறையில் 1896 ஜூலையில் தூக்கிலிடப்பட்ட ஒரு படைவீரனைப் பற்றி வைல்டு எழுதிய நெடுங்கவிதையை ஸ்மிதர்ஸ் ஏற்றுக்கொண்டார். மெய்ப்புத் திருத்தங்கள் நேப்பிள்ஸுக்கும் இலண்டனுக்கும் இடையே அஞ்சலில் சென்றுவந்தன. 1898 பிப்ரவரி 13 அன்று நூல் வெளியாயிற்று: 800 சாதாரணப் படிகள், ஜப்பானியத் தாளில் 30 படிகள். ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'சி.3.3.' என்ற சிறையறை எண் மட்டும் இருந்தது. சி பிரிவு, மூன்றாம் தளம், மூன்றாம் அறை என்பது அதன் பொருள். முதல் பதிப்பு விரைவில் தீர்ந்தது. மூன்றாம் பதிப்பாக வைல்டு கையொப்பமிட்ட 99 படிகளை அச்சிட்டு ஸ்மிதர்ஸ் தம் பழைய உத்தியைக் கையாண்டார். அவ்வாண்டிலேயே ஆறு பதிப்புகள் வந்தன. 1899 ஜூனில் வந்த ஏழாம் பதிப்பில்தான் வைல்டின் பெயர் அச்சேறியது. அதே ஆண்டில் அவருடைய நாடகங்கள் இரண்டை, ஆசிரியர் பெயரில்லாமல், முந்தைய நாடகமொன்றின் ஆசிரியர் எழுதியது என்ற குறிப்போடு ஸ்மிதர்ஸ் நூலாக்கினார்.

வீழ்ச்சி

துணிவு இருந்த அளவுக்கு நாணயம் இருக்கவில்லை. அரிஸ்டோபானிஸின் 'லிசிஸ்டிராட்டா'வுக்குப் பியர்ட்ஸ்லி வரைந்த எட்டுப் படங்களை ஸ்மிதர்ஸ் 1896இல் 100 படிகள் கொண்ட தனிப்பதிப்பாக விற்றிருந்தார். காசநோயால் சாகும் தறுவாயில் 1898 மார்ச் 7 அன்று பியர்ட்ஸ்லி அவருக்குக் கடிதம் எழுதி, அந்நூலின் எல்லாப் படிகளையும் தம் ஆபாச ஓவியங்கள் அனைத்தையும் அழித்துவிடுமாறு மன்றாடினார். ஒன்பது நாளில், 25 வயதில், அவர் இறந்தார். ஸ்மிதர்ஸ் எதையும் அழிக்கவில்லை. அந்தக் கடிதத்தைக்கூடப் பின்னர் விற்பனைப் பொருளாக்கினார். நண்பனின் இறுதி விருப்பத்தை மீறிய அச்செயலால்தான் இன்று அருங்காட்சியகங்கள் போற்றும் ஓவியங்கள் தப்பிப் பிழைத்தன.

அவரை நம்பி எழுதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்தனர். வாரப்படி கொடுத்து மொழிபெயர்ப்பு வேலை வாங்கிய கவிஞர் எர்னஸ்ட் டவுசன் 1900 பிப்ரவரியிலும், வைல்டு அதே ஆண்டு நவம்பரிலும் இறந்தனர். ஸ்மிதர்ஸ் திவாலானதும் 1900இல்தான். அதன்பின் வைல்டின் நூல்களை உரிமையின்றித் திருட்டுப் பதிப்பாக அச்சிட்டுப் பிழைத்தார். மதுவும், அபின்சத்து கலந்த குளோரோடைன் என்ற வலி மருந்தும் உடலை அரித்தன. 1907 டிசம்பர் 19 அன்று, தம் 46ஆம் பிறந்தநாளில், ஃபுல்ஹாம் பகுதியில் பொருள்கள் விற்றுத் தீர்ந்த வீடொன்றில் இறந்தார்.

மதிப்பீடு

நீண்ட காலம் ஸ்மிதர்ஸ் பிறரது வாழ்க்கை வரலாறுகளில் வேண்டாத துணைப் பாத்திரமாகவே வந்துபோனார். ஜேம்ஸ் ஜி. நெல்சன் 2000இல் வெளியிட்ட ஆய்வுநூல் அவரைப் பதிப்பாளராக வைத்து மதிப்பிட்டது. பியர்ட்ஸ்லி, வைல்டு, டவுசன் மூவரின் பிற்காலப் படைப்புகள் நூலுருப் பெற்றதில் அவருடைய பங்கு அதனால் தெளிவாயிற்று.

அவரை வளர்த்த சட்டநிலை அவருக்குப் பின்னும் அரை நூற்றாண்டு நீடித்தது. 1959இல் வந்த புதிய சட்டம் ஹிக்லின் அளவுகோலைக் கைவிட்டு, நூலை முழுமையாகப் பார்க்கவும் அதன் இலக்கியத் தகுதியை எதிர்வாதமாக முன்வைக்கவும் இடம் தந்தது. மறு ஆண்டு டி. எச். லாரன்ஸின் நாவலுக்காகப் பெங்குவின் நிறுவனத்தின்மேல் நடந்த வழக்கிலும் விலையே உறுத்தியது. மூன்றரை ஷில்லிங்குக்கு யாரும் அதை வாங்கலாம் என்பது அரசுத் தரப்பின் கவலை. நிறுவனம் விடுதலை பெற்றது. அரிய தாளிலும் எண்ணிட்ட படிகளிலும் துணிச்சலான எழுத்தை ஒளித்துவைக்க வேண்டிய தேவை அத்துடன் பெரிதும் குறைந்தது.