பிரேக்குக்கு ஸ்டீல் ஹோஸ் போடப்போறீங்களா? ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடிக்கும்போது, பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் மனசுக்குள் 'திக்'குனு இருக்கும். ஊருக்கு வந்ததும் யூடியூபைத் திறப்பீர்கள். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரேக் லைன் போடுங்க, பிரேக் சும்மா கும்முனு பிடிக்கும்' என்று வரிசையாக வீடியோக்கள் வரும். ஆர்டர் பட்டனை அமுக்குவதற்கு முன், ஒரு நிமிஷம்!

அப்படி என்ன இருக்கு இதில்?

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் அழுத்தத்தோடு கிளம்பும். காரின் அடியில் அது போவது இரும்புக் குழாயில். ஆனால், சக்கரம் திரும்பணும், மேலே கீழே ஆடணும் இல்லையா? அதனால் சக்கரத்துக்குப் பக்கத்தில் மட்டும் வளையக்கூடிய ரப்பர் ஹோஸ் இருக்கும். நாம் மாற்றப்போவது இதைத்தான்.

உங்கள் கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 32 பி.எஸ்.ஐ. சடன் பிரேக் அடிக்கும்போது இந்த ஹோஸுக்குள் 1,000 பி.எஸ்.ஐ-க்கும் மேல் ஏறும். அப்போது ரப்பர் லேசாக உப்பும். வயசான ரப்பர் இன்னும் கொஞ்சம் அதிகமாக உப்பும். பெடல் கீழே போகும் தூரத்தில் கொஞ்சம் இதிலேயே வீணாகிவிடும்.

ஸ்டீல் ஹோஸில் உள்ளே டெஃப்லான் குழாய், அதைச் சுற்றி ஸ்டீல் கம்பிப் பின்னல். இது உப்புவது ரொம்பக் குறைவு. அதனால் பெடல் கெட்டியாக இருக்கும். எவ்வளவு மிதிக்கிறோம் என்பது காலுக்குத் தெளிவாகத் தெரியும்.

கிடைக்காதது என்ன?

கார் நிற்கும் தூரம் குறையும் என்று மட்டும் நம்பாதீர்கள். காரை நிறுத்துவது கடைசியில் டயரின் பிடிமானம்தான். இப்போதே முழுசாக மிதித்தால் ஏ.பி.எஸ் வேலை செய்கிறது என்றால், ஸ்டீல் ஹோஸ் போட்டாலும் அதே தூரத்தில்தான் நிற்கும்.

மலை இறக்கப் பிரச்னையும் வேறு. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். 'டாட் 4' ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்துவிட்டால் இந்த அளவு 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். ஆயில் கொதித்தால் குமிழ் வரும், குமிழ் அமுங்கும், பெடல் உள்ளே போகும். இதற்கு ஸ்டீல் ஹோஸ் ஒன்றும் செய்யாது.

எனவே முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. பேடுகளைச் செக் பண்ணுங்கள். இறக்கத்தில் லோ கியரில் வாருங்கள். பழைய ஹோஸில் வெடிப்பு இருந்தால், புது ஒரிஜினல் ரப்பர் ஹோஸ் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

சரி, போட்டே ஆகணுமா?

* உங்கள் மாடலுக்கென்றே செய்து, முனைகளை ஃபேக்டரியில் பிரெஸ் செய்த செட்டை வாங்குங்கள். மேலே பிளாஸ்டிக் உறை இருப்பது நல்லது. வெறும் கம்பிப் பின்னல் உரசினால், பக்கத்தில் இருப்பதை அரம் மாதிரி ராவிவிடும்.

* ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வைப்பது கட்டாயம்.

* குழாய் நட்டைக் கழற்ற ஃப்ளேர் நட் ஸ்பேனர் வேண்டும். சாதா ஸ்பேனர் போட்டால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும்.

* காலிப்பர் போல்ட்டின் இரண்டு பக்கமும் வாஷரைப் புதுசாகப் போடுங்கள். சர்வீஸ் மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் முறுக்குங்கள்.

* ஹோஸ் முறுக்கிக்கொண்டு இருக்கக் கூடாது. சக்கரம் தொங்கும்போதும், தரையில் நிற்கும்போதும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, எங்காவது இழுக்கிறதா, உரசுகிறதா என்று பாருங்கள்.

* ஆயில் டப்பா மூடியில் போட்டிருக்கும் வகையை மட்டுமே ஊற்றுங்கள். 'டாட் 5' சிலிக்கான் ஆயில். 'டாட் 3', 'டாட் 4'-உடன் கலக்கவே கூடாது. பெயின்ட்டில் ஆயில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

* ஏர் எடுக்கும்போது டப்பாவில் ஆயில் வற்றவே கூடாது. எந்தச் சக்கரத்தில் ஆரம்பிப்பது என்பதை உங்கள் கார் மேனுவலைப் பார்த்துச் செய்யுங்கள். ஏ.பி.எஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்தால், அதை எடுக்க ஸ்கேனர் தேவைப்படலாம்.

* கடைசியாக, இன்ஜினை ஓடவிட்டு, பெடலை அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு இருக்கலாம். வண்டியை வெளியே எடுக்காதீர்கள். எல்லாம் ஓகே என்றால், முதலில் காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

இன்னொரு விஷயம்... ரப்பரில் வெடிப்பு விட்டால் கண்ணுக்குத் தெரியும். ஸ்டீல் பின்னலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. ஒவ்வொரு சர்வீஸிலும் கம்பி அறுந்திருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று பார்க்கணும். வாரன்ட்டி இருக்கும் கார் என்றால் சர்வீஸ் சென்டரில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை ஒரு பிரேக் பேடுகூட மாற்றிய அனுபவம் இல்லையா? அப்போ இதை வீட்டில் முயற்சி பண்ணவேண்டாம் பாஸ். தெரிந்த மெக்கானிக்கிடமே விடுங்கள். ஆனால் பக்கத்திலேயே நின்று, 'அண்ணே, வாஷர் புதுசுதானே?' என்று மறக்காமல் கேட்டுவிடுங்கள்!