விதையில்லா மந்தாரை

ஹாங்காங் கொடியின் சிவப்புத் துணி நடுவே வெள்ளையாக ஐந்து இதழ் விரித்திருப்பது ஒரு மந்தாரைப் பூ. மரத்தில் அதன் நிறம் வெள்ளையல்ல, ஊதா கலந்த அடர்சிவப்பு. ஒரு பூவே உள்ளங்கையை நிறைத்துவிடும். நவம்பரில் பூக்கத் தொடங்கினால் மார்ச் வரை ஓயாது. ஊரெங்கும் தெருவோரங்களிலும் பூங்காக்களிலும் நிற்கும் இந்த மரங்களில் ஒன்றுகூட விதையிலிருந்து முளைத்ததில்லை. அத்தனையும் ஒற்றை மரத்தின் கிளைகள்.

அந்த முதல் மரம் 1880 வாக்கில் ஹாங்காங் தீவின் மேற்குக் கரையில், கடலுக்கு மேலே இடிந்துகிடந்த ஒரு வீட்டின் அருகே நின்றிருந்தது. பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் கண்ணில் பட்டது. போக் ஃபூ லாம் என்ற இடத்தில் அவருடைய சபைக்கு பெத்தானி என்றொரு இல்லம் இருந்தது. ஆசிய நாடுகளில் ஊழியம் செய்து நோய்ப்பட்ட பாதிரியார்கள் உடம்பு தேறுவதற்காக 1875இல் எழுப்பிய இல்லம் அது. மரத்தின் கிளைகளை வெட்டிக் கொண்டுபோய் அங்கே நட்டார்கள். வேர் பிடித்தது. அங்கிருந்து ஹாங்காங் தாவரவியல் தோட்டத்துக்குப் போனது.

1908இல் அத்தோட்டத்தின் கண்காணிப்பாளர் ஸ்டீபன் டன் இதைப் புதிய இனம் என்று அறிவித்து, பௌஹினியா பிளேக்கியானா என்று பெயரிட்டார். 1898 முதல் 1903 வரை ஆளுநராக இருந்த ஹென்றி பிளேக்கின் நினைவாக வைத்த பெயர்.

புதிய இனம் என்றால் காட்டில் எங்கேனும் கூட்டமாக நிற்க வேண்டும். இது எங்குமே இல்லை. இவ்வளவு பூத்தும் காய் பிடிப்பதில்லை. மகரந்தத்தில் பெரும்பகுதி வீரியமற்றது. தேன்சிட்டும் தேனீயும் வந்து போனாலும் இந்த மரத்துக்குச் சந்ததி கிடையாது. கிளையை வெட்டி நட்டோ, பதியம் போட்டோ, வேறொரு மந்தாரைக் கன்றின் மேல் ஒட்டுக்கட்டியோதான் அடுத்த மரத்தை உண்டாக்க முடியும். ஆகவே இந்தக் கதையில் என் மரியாதை ஆளுநருக்கு அல்ல, நூறாண்டுக்கு மேலாகக் கத்தியும் மண்ணும் ஈரப்பாசியுமாக இதன் உயிரைக் கைமாற்றிக் கொடுத்துவந்த தோட்டக்காரர்களுக்கே. தலைமுறைக்குத் தலைமுறை அவர்கள் அந்த வேலையைச் செய்யாமல் விட்டிருந்தால், 1965இல் நகரத்தின் சின்னமாகவும் 1997இல் கொடியிலும் ஏற இந்தப் பூ இருந்திருக்காது.

இதன் தாய்தகப்பன் யார் என்ற கேள்விக்கு 2005இல்தான் உறுதியான விடை வந்தது. ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூவின் உறுப்புகளையும் மகரந்தத்தையும் மரபணுவையும் ஒப்பிட்டு, இது தனி இனமல்ல, பர்ப்பூரியா, வேரிகேட்டா என்னும் இரண்டு மந்தாரைகளின் கலப்பு என்று காட்டினார்கள். தாய் பர்ப்பூரியா என்பது பின்னர் வந்த ஆய்வில் தெரிந்தது. இரண்டுமே நம் ஊர்த் தோட்டங்களில் வளர்பவை. நாம் இரண்டையும் மந்தாரை என்றே கூப்பிடுகிறோம். மாட்டுக் குளம்பு போல நுனி பிளந்த அதே இலைதான் ஹாங்காங் மரத்துக்கும். அங்கே பள்ளிப் பிள்ளைகள் அதைப் புத்தகத்துக்குள் வைத்துப் பாடம் செய்வார்கள்.

பர்ப்பூரியா ஆண்டின் கடைசி மாதங்களில் பூக்கும். வேரிகேட்டாவின் பருவம் பிப்ரவரிக்கு மேல். இரண்டும் ஒருசேரப் பூத்திருக்கும் காலம் மிகக் குறுகியது. அந்த இடைவெளியில் ஏதோ ஒரு வண்டோ தேனீயோ ஒன்றின் மகரந்தத்தை மற்றதில் சேர்த்திருக்கிறது.

எல்லாம் ஓருடல் என்பதில் ஆபத்தும் உண்டு. ஒரு மரத்தைக் கொல்லும் பூஞ்சையோ பூச்சியோ வந்தால் மற்றவற்றுக்கும் அதை எதிர்க்கும் தனிப் பலம் இருக்காது. பெற்றோர் மரங்கள் இன்னும் இருக்கின்றனவே, மறுபடி கலந்துகொள்ளலாமே என்று தோன்றும். கலக்கலாம். ஆனால் ஒவ்வொரு விதையிலும் மரபணுக்கள் புதிதாகக் கலைந்து சேரும். கிடைப்பவை இந்த மரத்தின் தம்பி தங்கைகளாக இருக்குமே தவிர, இதுவாக இருக்காது.