பரிந்துரையும் விமர்சனமே: இளையோர் காதல், ஃபேன்டசி நாவல்களை முன்வைத்து

இளையோருக்கான காதல் நாவல்களையும் ஃபேன்டசி நாவல்களையும் பற்றிய விவாதம் வழக்கமாக இரண்டு கேள்விகளில் முடங்கிவிடுகிறது. அவை எவ்வளவு விற்கின்றன, பதின்வயதினரைக் கெடுக்கின்றனவா என்பவையே அவை. ஒரு வாசகர் அந்த நாவலை ரசித்துவிட்டு இன்னொருவர் கையில் கொடுக்கும்போது நடப்பது என்ன என்று கேட்பவர் குறைவு. அமெரிக்காவில் இந்த இலக்கிய வகை வேரூன்றியதில் அந்தக் கைமாற்றத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நல்ல பரிந்துரை என்பது விமர்சனத்தின் ஒரு வடிவம். நூலை நுணுகிப் படித்தவரால் மட்டுமே அதைச் செய்ய முடியும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மார்கரெட் எட்வர்ட்ஸ் 1932-இல் பால்டிமோர் நகரின் ஈனாக் பிராட் பொது நூலகத்தில் சேர்ந்தார். குழந்தைகள் பகுதியைத் தாண்டிவிட்ட, பெரியவர்கள் பகுதியில் வரவேற்பு இல்லாத பதின்வயதினருக்கு அங்கே ஓர் இடம் உண்டாக்கியவர் அவர். தன்னிடம் பணிக்கு வரும் உதவியாளர்களுக்கு அவர் வைத்த நிபந்தனை கடுமையானது. அவர் தரும் பட்டியலிலிருந்து 300 நூல்களைப் படித்தாக வேண்டும். பத்துப் பத்தாகப் படித்து, அவர் எதிரே உட்கார்ந்து அவற்றைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது குதிரை வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு ஏழைகள் குடியிருப்புகளுக்குப் போனார். அவரது அனுபவங்கள் 1969-இல் நூலாக வந்தன. அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு அவர் பெயரில் எழுத்தாளர்களுக்கு விருது வழங்கி வருகிறது.

எட்வர்ட்ஸ் பணியில் சேர்வதற்கு ஓராண்டு முன்பு, 1931-இல், சென்னைப் பல்கலைக்கழக நூலகர் சீ. இரா. அரங்கநாதன் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டிருந்தார். வாசகரைத் தேடி நூலையும் நூலைத் தேடி வாசகரையும் கொண்டு சேர்க்கும் கடமையை அவற்றில் இரண்டு விதிகள் நூலகரின் தோளில் ஏற்றுகின்றன. பால்டிமோரில் 300 நூல் படித்த உதவியாளர் அந்தக் கடமையைத்தான் செய்துகொண்டிருந்தார். நூலையும் தெரியாமல் வாசகரையும் தெரியாமல் இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

ஆனால் எட்வர்ட்ஸின் கொள்கையில் ஒரு குறையும் உண்டு. இளையோர் காதல் கதையை அவர் மனமுவந்து சிபாரிசு செய்தார், ஆனால் ஒரு படிக்கட்டாக. படிக்கும் ஆசை இல்லாத பெண்ணுக்கு முதலில் ஒரு காதல் கதை, பிறகு கனமான காதல் கதை, அதன்பின் பேரிலக்கியம் என்பது அவர் போட்ட வழி. அவர் காலத்தில் அதுவே துணிச்சலான நிலைப்பாடு. இந்த நூல்களை நூலகத்துக்குள்ளேயே விடக்கூடாது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். எனினும் படிக்கட்டாகப் பார்க்கப்படும் நூலை யாரும் நின்று பார்ப்பதில்லை.

மோரீன் டேலி கல்லூரி மாணவியாக இருந்தபோது எழுதி 1942-இல் வெளிவந்த 'செவன்டீன்த் சம்மர்' நாவலை நின்று பார்க்கலாம். விஸ்கான்சின் மாநிலத்தின் ஃபான் டு லாக் ஊரில் ஒரு கோடைக்காலம். ஆஞ்சி மாரோ என்ற பெண்ணுக்கும் பேக்கரிக் குடும்பத்துப் பையன் ஜாக்குக்கும் முதல் காதல். கதை அவ்வளவுதான். ஆனால் ஜாக் அவள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது அவன் பல்லில் கரண்டி தட்டும் ஓசை கேட்கிறது; ஆஞ்சி கூசிப்போகிறாள். பிடித்தவன்மேல் வரும் அந்த வெட்கத்தில் அவள் குடும்பம் தன் தரம் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணம் முழுவதும் வெளிப்பட்டுவிடுகிறது. வர்க்கத்தைப் பற்றி ஒரு பதினேழு வயதுப் பெண் இப்படித்தான் அறிந்துகொள்வாள். இறுதியில் அவள் கல்லூரிக்குப் போகிறாள். காதல் அங்கே முடிகிறது. இதை வேறொரு நூலுக்கான முன்தயாரிப்பாக மட்டும் கொடுப்பது, நூலுக்கும் அதை வாங்கிக்கொள்ளும் பெண்ணுக்கும் இழைக்கும் அநீதி.

2014-இல் ஸ்லேட் இதழில் ரூத் கிரஹாம், இளையோர் நூல்களைப் படிக்கும் பெரியவர்கள் வெட்கப்பட வேண்டும் என்று வாதிட்டார். இளையோர் கதைகள் திருப்தியான முடிவுகளைத் தந்து சிக்கலைத் தவிர்க்கின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். சில நூல்களுக்கு அது பொருந்தும். வகை முழுவதற்கும் பொருத்தினால் டேலியின் நாவலே அதை மறுத்துவிடும்.

இன்பத்துக்காகப் படிப்பவர்கள் தரம் பார்ப்பதில்லை என்ற எண்ணத்தையும் ஆய்வு தகர்த்திருக்கிறது. ஜானிஸ் ராட்வே 1984-இல் வெளியிட்ட 'ரீடிங் தி ரொமான்ஸ்' நூலுக்காக, அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஓர் ஊரின் பெண் வாசகர்களைச் சந்தித்தார். அவர்கள் வளர்ந்த பெண்கள். படித்தவை பெரியவர்களுக்கான காதல் நாவல்கள். அந்த வட்டத்தின் மையத்தில் ஒரு புத்தகக் கடை ஊழியர் இருந்தார். மாதந்தோறும் வரும் நாவல்களைப் படித்து, தரம் பிரித்து, ஒரு செய்திமடலில் எழுதினார். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும் நூல்களை அந்த வாசகர்கள் நுட்பமாக வேறுபடுத்தினார்கள். நாயகி அறிவுள்ளவளா, நாயகனின் முரட்டுத்தனத்துக்கு அடியில் கனிவு உண்டா, அது கதையில் உரிய வேளையில் வெளிப்படுகிறதா என்றெல்லாம் பார்த்தார்கள். வன்முறையை மன்னிக்கும் கதைகளை ஒதுக்கினார்கள். இந்த வாசிப்பு ஆணாதிக்கத்தை உண்மையில் அசைக்கிறதா என்பதில் ராட்வேக்கே ஐயம் இருந்தது. அந்த ஐயம் நியாயமானது. ஆனால் அந்த ஊழியர் செய்தது விமர்சனம்தான் என்பதை ராட்வேயின் நூலைப் படித்தபின் மறுப்பது கடினம்.

ஃபேன்டசிக்கு வந்தால், டமோரா பியர்ஸின் 'அலனா' கதையைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. பியர்ஸ் அதை முதலில் பெரியவர்களுக்கான ஒரே நாவலாக எழுதினார். பதின்வயதுப் பெண்கள் தங்கியிருந்த ஓர் இல்லத்தில் அவர் பணியாற்றியபோது, கைப்பிரதியை அந்தப் பெண்களிடம் கொடுக்க அனுமதி கிடைக்கவில்லை. எனவே பொருந்தாதவற்றை விட்டுவிட்டு வாய்மொழியாகவே கதையைச் சொன்னார். பின்னர் அவருடைய முகவர், அதை இளையோருக்கான நான்கு நூல்களாகப் பிரிக்கச் சொன்னார். முதல் நூல் 1983-இல் வந்தது. வாசகியை நேருக்கு நேர் பார்த்துச் சொன்ன கதை அச்சுக்கு வந்த வழி அது. மாவீரன் ஆகவேண்டும் என்பதற்காக ஆண் வேடமிட்டுப் பயிற்சிக்குப் போகும் அலனா, மூன்றாம் நூலில் இளவரசன் ஜானதனின் திருமண வேண்டுகோளை ஏற்க மறுக்கிறாள். அவனை நேசித்தாள் என்பதில் சந்தேகமில்லை. அவன் கற்பனை செய்யும் மனைவியாகத் தன்னால் இருக்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும். 2013-இல் பியர்ஸுக்குக் கிடைத்தது எட்வர்ட்ஸ் பெயரிலான அதே விருது.

அலனாவின் மறுப்பை ரசித்த ஒருத்தி அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்டால், இன்று சமூக ஊடகங்களில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் அடையாளச் சீட்டுகளாக வரும்: வாளேந்திய நாயகி, எதிரிகளாகத் தொடங்கும் காதலர்கள், அரண்மனைச் சூழ்ச்சி. இந்தச் சீட்டுகளின்படி ஹாலி பிளாக்கின் 'தி குரூயல் பிரின்ஸ்' (2018) கச்சிதமாகப் பொருந்தும். சிறந்த நாவல்தான். ஆனால் அதன் நாயகி ஜூட், தன் பெற்றோரைக் கொன்றவனாலேயே மாயலோகத்தில் வளர்க்கப்பட்ட மனிதப் பெண். அவளுக்கு வேண்டியது அதிகாரம். இளவரசன் கார்டன்மேல் அவளுக்கு வரும் ஈர்ப்பும் அந்தப் பசியிலிருந்து பிரிக்க முடியாதது. காதலிலிருந்து தன்னை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பது அலனாவின் கேள்வி. அது ஜூட்டின் கேள்வி அல்ல. அந்தக் கேள்வி வேறொரு நூலில் இருக்கிறது. கிறிஸ்டின் காஷோரின் 'கிரேஸ்லிங்' (2008) நாவலில் கொல்லும் ஆற்றலோடு பிறந்த கட்ஸா, போ என்ற இளவரசனை ஆழமாகக் காதலிக்கிறாள், அவனோடு வாழ்வைப் பகிர்கிறாள், ஆனால் திருமணம் வேண்டாம் என்கிறாள். காஷோர் அந்த முடிவைத் தண்டிப்பதுமில்லை, கடைசிப் பக்கத்தில் மாற்றுவதுமில்லை. அந்த வாசகிக்குக் கொடுக்கவேண்டிய நூல் இதுவே. சீட்டுகள் கதையில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்கின்றன. கதை அதை வைத்து எதைக் கேட்கிறது என்பதைப் படித்தவர்தான் சொல்ல முடியும்.

பதிப்பகம் ஒட்டும் வயதுச் சீட்டையும் அப்படியே நம்பிவிட முடியாது. சாரா ஜே. மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்' 2015-இல் இளையோர் நூலாக வெளியாயிற்று. 2020-இல் புதிய அட்டைகளோடு அதே வரிசை பெரியவர்களுக்கானதாக விற்பனைக்கு வந்தது. தொடரின் பிந்தைய நூல்களில் உள்ள பாலுறவுக் காட்சிகளைப் பார்க்கும்போது இந்த மாற்றம் சரியானதே. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி முதல் நூலை முடித்துவிட்டு இரண்டாவதைக் கேட்டபோது, என்ன சொல்லிக் கொடுப்பது, எப்போது கொடுப்பது, அவளுக்குத் தெரிந்த எந்த நூலை அதன் இடத்தில் வைப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது, இரண்டாவதை ஏற்கெனவே படித்து முடித்திருந்த நூலகர்தான்.